புற்றுநோயாளியின் அறியும் உரிமையும் தெரிந்தெடுக்கும் உரிமையும்: அமெரிக்க அனுபவத்தின் வரலாறு

புற்றுநோயுற்ற ஒருவரைச் சந்திக்க மருத்துவமனைக்குச் செல்லும் ஆயரை வீட்டார் வாசலிலேயே நிறுத்தி, "ஐயா, நோய் இன்னதென்று அவருக்குத் தெரியாது, ஜெபத்தில்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்வது நம் சபைகளில் புதிதன்று. மருத்துவர் மகனை அறைக்கு வெளியே அழைத்துப் பேசுகிறார். மகன் மாமனிடமும் சித்தப்பாவிடமும் கலந்துகொள்கிறான். முடிவு எடுக்கப்படுகிறது. யாருடைய உடலில் கத்தி படப்போகிறதோ, அவருக்கு மறுநாள் காலையில் செய்தி சொல்லப்படுகிறது. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. அன்பினால் செய்யப்படுவதே இது. ஆயினும் இந்த அன்பின் செயலுக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாய்ப் பிணைந்து கிடக்கின்றன. நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லலாமா என்பது ஒன்று. அந்நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிகிச்சைகள் இருக்குமானால், எதை அவர் விரும்புகிறார் என்று அவரைக் கேட்க வேண்டுமா என்பது மற்றொன்று.

நம் அருட்பணி வகுப்புகளில் முதற் கேள்வியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றவை தாமே நேராகிவிடும் என்று எண்ணுகிறோம் போலும். வரலாறு அவ்வாறு காட்டவில்லை. இவ்விரு கேள்விகளும் நெடுங்காலம் வெளிப்படையாக வாதிக்கப்பட்ட இடம் அமெரிக்கா. அங்கேயும் குறிப்பாக மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக் களம். எனவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். இறைப்பணியாளரும் இறையியல் மாணவரும் அதில் சில முக்கியமான இடங்களில் வருகின்றனர் என்பதும் நம் கவனத்திற்குரியது.

மருத்துவரும் குருவானவரும்

அமெரிக்க மருத்துவர்களின் தொழில் ஒழுக்க நெறிகள் பெரிதும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் தாமஸ் பெர்சிவல் 1803ஆம் ஆண்டில் மருத்துவ ஒழுக்கவியல் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியின் நம்பிக்கையைக் குலைக்கும் செய்தியை மருத்துவர் முந்திக்கொண்டு சொல்லலாகாது என்பதும், ஆபத்து நேரிடும்போது உற்றாரிடம் அதை அறிவிக்க வேண்டும் என்பதும் அவர் தந்த அறிவுரை. இக்கருத்து அவருடைய காலத்திலேயே எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதன்று. ஆங்கிலத் திருச்சபையின் குருவானவரான தாமஸ் கிஸ்பார்ன், 1794இல் எழுதிய ஒழுக்க நூலில், மருத்துவர் குறைவாகப் பேச உரிமை உடையவர். ஆனால் பேசுவது உண்மையாக இருக்க வேண்டும் என்று வாதித்திருந்தார். பெர்சிவல் அந்த வாதத்தை அறிந்தவர். அதற்கு மறுமொழியும் எழுதியவர். நோயாளிக்குத் தீங்கு வருமெனில் உண்மையைக் கேட்கும் உரிமை அந்நேரத்தில் நின்றுபோகிறது என்பது அவருடைய நிலை.

வென்றது பெர்சிவலின் நிலையே. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் முதல் ஒழுக்க விதிகளை இயற்றியபோது அவருடைய கருத்துகளையே பெரிதும் தழுவிக்கொண்டது. மருத்துவரின் செயல் மட்டுமல்ல, அவருடைய சொல்லும் நோயாளியின் ஆயுளைக் குறைக்கக்கூடும் என்ற எண்ணம் விதியாகவே எழுதப்பட்டது. எனவே நம் மருத்துவமனை வாசலில் நடப்பதைக் கீழைநாட்டுப் பண்பாட்டின் தனி இயல்பு என்று கூறிவிடுவது பொருந்தாது. மேலைநாட்டு மருத்துவமும் நூறாண்டுக்கு மேல் இதையே விதியாகக் கொண்டிருந்தது.

இதற்குள்ளிருந்தே எழுந்த மாற்றுக்குரல்களில் ஒன்று பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரிச்சர்டு கேபட்டினுடையது. 1903இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், தாம் பொய் சொல்லியும் உண்மை சொல்லியும் பார்த்ததாகவும், உண்மையால் விளையும் என்று அஞ்சப்பட்ட கேடுகள் நேரவில்லை என்றும் கூறினார். இதே கேபட்தான் 1925இல், இறையியல் மாணவர்கள் ஓராண்டு மருத்துவமனையில் பயில வேண்டும் என்று வற்புறுத்தி எழுதியவர். அவ்வாண்டில் வொர்செஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆண்டன் பாய்சன் தொடங்கிய பயிற்சிக்கு அவர் துணை நின்றார். இன்று நம் இறையியல் கல்லூரிகளில் மருத்துவமனை அருட்பணிப் பயிற்சி என்று நடப்பதற்கு மூலவித்து அதுவே. நோயாளியிடம் உண்மை பேசலாம் என்று சொன்ன மருத்துவரே நோயாளியின் படுக்கையருகே இறையியல் மாணவரையும் அழைத்தார் என்பதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

ஒரே மயக்கத்தில் இரண்டு செயல்கள்

இனி மார்பகப் புற்றுநோய்க்கு வருவோம். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், 1894ஆம் ஆண்டில் தாம் சிகிச்சை செய்த 50 பெண்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். மார்பகத்தையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றுவது அவருடைய முறை. புற்று ஓரிடத்தில் தோன்றி, அங்கிருந்து படிப்படியாகச் சுற்றுப்புறத்திற்குப் பரவுகிறது. ஆகையால் எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அதன் அடிப்படை. அந்நாளில் மருத்துவரிடம் வந்த பெண்களின் கட்டிகள் மிகப் பெரியவை; அவர்களுக்கு இது உண்மையிலேயே ஒரு முன்னேற்றம். ஆனால் கட்டி சிறிதாயிருக்கும்போதே வரும் பெண்களுக்கும் அதே அறுவை தொடர்ந்தது. நெஞ்சு குழிந்துபோவதும், கை வீங்கித் தூக்க முடியாமற் போவதும் உயிர் தப்பியதற்குக் கொடுக்கும் விலை என்று கருதப்பட்டன. ஏறத்தாழ 75 ஆண்டுகள் இம்முறையே அமெரிக்காவில் ஆட்சி செய்தது.

இதனோடு இணைந்து ஒரு நடைமுறையும் வளர்ந்தது. அதுவே நம் பொருளுக்கு இன்றியமையாதது. வெட்டியெடுத்த திசுவை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, சில நிமிடங்களில் உருப்பெருக்கியால் ஆராயும் முறையை 1905இல் மேயோ மருத்துவமனையில் லூயி வில்சன் பயன்தரும் வகையில் உருவாக்கினார். இதனால் பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதித்து, புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை முழுவதும் அகற்றிவிடுவது வழக்கமாயிற்று. மயக்க மருந்தை இருமுறை கொடுக்க நேராது; இடைவெளியில் நோய் பரவும் என்ற அச்சம் இல்லை; காத்திருக்கும் வேதனையும் பெண்ணுக்கு இல்லை. காரணங்கள் இவை. அவற்றை அற்பமானவை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் விளைவு என்ன? தனக்குப் புற்றுநோய் உண்டா என்று அறியாமலேயே ஒரு பெண் மேசைமேல் படுக்கிறாள். கண் விழித்ததும் கையால் நெஞ்சைத் தடவிப் பார்க்கிறாள். நோயின் பெயரும் சிகிச்சையின் முடிவும் அந்த ஒரு தடவலில் அவளுக்குத் தெரிகின்றன.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா? 1914இல் நியூயார்க் நீதிமன்றத்தில், மயக்கத்தில் சோதனை மட்டும் செய்ய இசைந்த ஒரு பெண்ணின் கட்டி அவளுடைய மறுப்பையும் மீறி அகற்றப்பட்டதைப் பற்றிய வழக்கு வந்தது. தெளிந்த மனமுடைய ஒவ்வொருவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்படலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்ற கோட்பாட்டை நீதிபதி கார்டோசோ அவ்வழக்கில் வகுத்தார். அக்கோட்பாட்டிற்கு மருத்துவமனைகள் அளித்த விடை, கையொப்பப் படிவம். சோதனைக்கும் தேவைப்பட்டால் அறுவைக்கும் சேர்த்தே பெண் முன்கூட்டிக் கையொப்பமிட்டாள். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது; உரையாடல் நிகழவில்லை.

சிக்காகோவில் நான்கு மாணவர்கள்

1961இல் டொனால்ட் ஓக்கன் என்னும் மருத்துவர், சிக்காகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் தம் உடன்மருத்துவர்களிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டார். புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாமலிருப்பதையே தாம் விரும்புவதாகச் சுமார் 90 விழுக்காட்டினர் கூறினர். "கட்டி", "வளர்ச்சி", "புண்" போன்ற சொற்களே வழங்கின. அனுபவமே தங்களுக்கு இதைக் கற்பித்தது என்று அவர்கள் சொன்னாலும், உண்மையைச் சொல்லிப் பார்த்து அதன் விளைவைக் கண்டவர் அவர்களுள் குறைவு என்பதை ஓக்கன் கண்டுகொண்டார். இது அறிவின் முடிவன்று, உணர்ச்சியின் முடிவு என்பது அவருடைய கணிப்பு.

நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1965இல், அதே நகரின் சிக்காகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றிய ஆய்வுக்காக எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவரை அணுகினர். வாழ்வின் மிகப்பெரிய நெருக்கடி மரணமே என்பதால் மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளையே கேட்போம் என்று அவர் முடிவு செய்தார். ஆனால் அவ்வளவு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் அப்படிப்பட்ட நோயாளி ஒருவரும் இல்லை என்பதே மருத்துவர்களிடமிருந்து கிடைத்த விடை! கடைசியில் ஒரு முதியவர் கிடைத்தார். அவர் அப்பொழுதே உட்கார்ந்து பேசும்படி கேட்டுக்கொண்டார். மாணவரோடு நாளை வருகிறோம் என்று கூறி கூப்ளர்-ராஸ் திரும்பிவிட்டார். மறுநாள் அவர்கள் சென்றபோது அம்முதியவருக்குப் பேச வலுவில்லை. அதன்பின் ஒரு மணி நேரத்திற்குள் அவர் இறந்துபோனார்.

அந்தக் கருத்தரங்கு தொடர்ந்து நடந்தது. 200க்கு மேற்பட்ட நோயாளிகள் பேசினர். அவர்களுள் புற்றுநோயாளிகள் பலர். யாரும் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் பெரும்பாலோர் தம் நிலையை அறிந்தேயிருந்தனர். வருவோரின் முகமும், குறைந்துபோன வருகையும் அதை அவர்களுக்குச் சொல்லியிருந்தன. 1969இல் வெளிவந்த நூலில் கூப்ளர்-ராஸ் விவரித்த ஐந்து நிலைகளை நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்புவிப்பர். அந்த ஐந்து நிலைகளைவிட, இறையியல் மாணவர்கள் நோயாளியை ஆசிரியராக ஏற்று அவருக்குமுன் உட்கார்ந்தனர் என்பதே வரலாற்றில் பெரிய செய்தி என்பது நம் எண்ணம்.

இறையியலாளரின் எழுத்துப் பணியும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1954இல் ஜோசப் ஃப்ளெச்சர், நோயாளியின் உரிமைகளுள் உண்மையை அறியும் உரிமையையும் சேர்த்து எழுதினார். 1970இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த மெதடிஸ்ட் ஒழுக்கவியலாளர் பால் ராம்சே, நோயாளியை ஓர் ஆளாகக் கருத வேண்டும் என்பதையே நூலின் தலைப்பாக வைத்தார். இசைவு என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையேயுள்ள உடன்படிக்கை உண்மையின் வெளிப்பாடு என்று அவர் விளக்கினார். பல கருத்துகளில் எதிரெதிர்த் திசையில் நின்ற இவ்விருவரும் இவ்வொன்றில் ஒத்திருந்தனர்.

1979இல் ராச்செஸ்டர் நகரில் டென்னிஸ் நோவாக் முதலானோர் ஓக்கனின் ஆய்வைத் திரும்பச் செய்து வெளியிட்டபோது, 97 விழுக்காட்டு மருத்துவர்கள் நோயாளிக்குச் சொல்வதையே விரும்பினர். 18 ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனப்பாங்கு தலைகீழாய் மாறியது. வேதிமருந்து, கதிர்வீச்சு ஆகிய சிகிச்சைகள் வளர்ந்தபின் நோயாளியின் அறிவும் ஒத்துழைப்பும் இன்றி அவற்றைச் செய்ய இயலவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம் எனலாம். முதற் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி அப்படியே நின்றது.

பெண்கள் கேட்ட கேள்வி

பெயரைச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதை மருத்துவரே முடிவு செய்வதும் முடியக்கூடியதே. இதை முதலில் எதிர்த்தவர்கள் நோயாளிகளே. 1960இல் கான்சாஸ் மாநில நீதிமன்றத்தில், மார்பக அறுவைக்குப்பின் கோபால்ட் கதிர்வீச்சினால் கடுமையாகப் புண்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், சிகிச்சையின் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்குவது மருத்துவரின் கடமை என்று தீர்ப்பாயிற்று. 1971இல் பாபெட் ராஸ்மண்ட் என்ற எழுத்தாளர், ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்வதற்கு இசையாமல், கிளீவ்லாந்தின் ஜார்ஜ் கிரைலிடம் சென்று கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டார். 1972இல் முன்னாள் திரைப்பட நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் பிளாக், வெட்டுவது மருத்துவர் வேலை, முடிவு செய்வது தம் வேலை என்ற பொருள்பட வெளிப்படையாகப் பேசினார்.

இவர்களுள் நம் மனத்தில் நிற்பவர் ரோஸ் குஷ்னர். மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர். 1974இல் தம் மார்பில் கட்டியைக் கண்டதும் நூலகத்திற்குச் சென்று மருத்துவ ஏடுகளைப் படித்தார். சோதனை மட்டும் செய்து நிறுத்திக்கொள்வதாக உறுதியளிக்கும் மருத்துவரைத் தேடி ஒருவர்பின் ஒருவராக அழைத்தார். மறுப்பே விடையாக வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக் கட்டி காணப்பட்டது. ஒரே மயக்கத்தில் அறுவை நடக்கப்போகிறது என்று கேள்வியுற்ற குஷ்னர், அதை இரண்டாகப் பிரிக்கும்படி வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் முறையிட்டார். குடியரசுத் தலைவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்பதே தமக்குக் கிடைத்த விடை என்று அவர் பின்னர் எழுதினார். உலகின் மிகச் செல்வாக்குள்ள இல்லத்திலும் அறைக்கு வெளியே நடக்கும் பேச்சு ஒன்றுதான் போலும். செப்டம்பர் 28ஆம் நாள் அறுவை நடந்தது. ஆயினும் பெட்டி ஃபோர்டு தம் நோயை மறைக்காமல் நாட்டிற்கு அறிவித்தார். அதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் சோதனைக்கு முன்வந்தனர் என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும்.

1979 ஜூனில் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழுவில் குஷ்னர் நோயாளியர் சார்பில் இடம்பெற்றார். ஹால்ஸ்டெட் முறை இனிப் பொதுச் சிகிச்சையாக இருக்க வேண்டியதில்லை என்றும், சோதனையையும் அறுவையையும் பிரித்து நடத்தலாம் என்றும் அக்குழு கூறியது. அதே ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம், மார்பகப் புற்றுநோய்க்குரிய மாற்றுச் சிகிச்சைகளை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. குஷ்னர் 1990இல் அந்நோயினாலேயே காலமானார்.

"எனக்குத் தெரியாது"

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில், எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதே உண்மையில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்ட் ஃபிஷர் இதை ஒப்புக்கொண்டு ஆராயத் துணிந்தவர். அவருடைய தலைமையில் 1971இல் தொடங்கிய ஆய்வு, ஹால்ஸ்டெட் முறையை அதைவிடச் சிறிய அறுவைகளோடு ஒப்பிட்டது. 1976இல் தொடங்கிய மற்றோர் ஆய்வு, மார்பகம் முழுவதையும் அகற்றுவதைக் கட்டியை மட்டும் அகற்றுவதோடு, கதிர்வீச்சுடனும் அஃதின்றியும், ஒப்பிட்டது. எந்தப் பெண்ணுக்கு எது என்பது சீட்டுப்போடுவதுபோல் முடிவாகும். 1985இல் வெளிவந்த முடிவும், 2002இல் வெளிவந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுத் தொடர்முடிவுகளும் உயிர்வாழும் காலத்தில் வேறுபாடில்லை என்று காட்டின. கட்டி மீண்டும் அதே மார்பில் தோன்றுவதைக் கதிர்வீச்சு பெரிதும் குறைத்தது. இடையில், 1994இல், இவ்வாய்வில் பங்குகொண்ட மாண்ட்ரியல் மருத்துவர் ஒருவர் பதிவுகளைத் திருத்தியது வெளிப்பட்டுப் பெரும் சலசலப்பு உண்டானது. அவருடைய நோயாளிகளை நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை.

ஆனால் நாம் இங்கே ஊன்றிப் பார்க்க வேண்டியது வேறொன்று. 1976இல் தொடங்கிய அந்த ஆய்வில் நோயாளிகள் போதுமான அளவு சேரவில்லை. மறுத்தவர்கள் பெண்கள் என்று எண்ணிவிடலாகாது. தகுதியுள்ள பெண்களிடம் மருத்துவர்களே இதைப்பற்றிப் பேச முன்வரவில்லை. காரணம் கேட்டு 94 மருத்துவர்களுக்கு வினாப்படிவம் அனுப்பப்பட்டது. விடைகள் 1984இல் வெளியாயின. தயங்கியவர்களுள் 73 விழுக்காட்டினர், மருத்துவர்-நோயாளி உறவு பாதிக்கப்படும் என்று அஞ்சினர். இசைவு பெறுவது கடினம் என்றனர் 38 விழுக்காட்டினர். நிச்சயமின்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது தமக்குப் பிடிக்கவில்லை என்று 22 விழுக்காட்டினர் ஒளிவின்றிக் கூறினர். ஒரு சிகிச்சைக்குச் சீட்டு விழுந்தபின் அதைப் பெண்ணிடம் சொல்லி இசைவு கேட்கும் முறை 1978இல் புகுத்தப்பட்ட பிறகே சேர்க்கை பெருகியது. அதாவது, "இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியாது" என்ற வாக்கியத்தை மருத்துவர் சொல்ல வேண்டிய தேவை அப்போது தணிந்தது.

நோயாளி தாங்கமாட்டார் என்பதற்காகவே உண்மை மறைக்கப்பட்டது என்று பெர்சிவலின் காலமுதல் சொல்லப்பட்டு வந்தது. இந்த விடைகளைப் படித்தபின் அக்கூற்றை அப்படியே ஏற்க நம்மால் இயலவில்லை. நோயின் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்ட தலைமுறையும் தன் அறியாமையைச் சொல்லத் தயங்கியது. தெரிவு செய்யும்படி நோயாளியைக் கேட்பது, தனக்கு எல்லாம் தெரியாது என்று ஒப்புக்கொள்வதாகும். நோயாளியின் பலவீனத்தை மூடிய திரை மருத்துவரின் நிச்சயமின்மையையும் மூடியிருந்தது. படுக்கையருகே நின்று "ஏன் எனக்கு?" என்ற கேள்விக்கு ஆயத்தமான விடை தேடும் நமக்கு இத்தயக்கம் அந்நியமானதன்று.

மறுபுறத்தில் ஓர் ஆபத்தும் தோன்றாமலில்லை. சட்டம் கேட்டதற்காக அச்சிட்ட கைந்நூலைக் கொடுத்துவிட்டு, "முடிவு உங்களுடையது" என்று எழுந்துபோகும் மருத்துவரும் உண்டு. பழைய மௌனம் காப்பதற்காக. இந்த மௌனம் கைகழுவுவதற்காக. ராம்சே பேசிய உடன்படிக்கையில் இதற்கு இடமில்லை.

நம் நாட்டு நீதிமன்றத்தில்

ஒரே மயக்கத்தில் இரண்டு செயல்கள் என்ற அதே கேள்வி, புற்றுநோயல்லாத ஒரு வழக்கில், 2008இல் நம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மயக்கம் கொடுத்து வயிற்றுக்குள் கருவி செலுத்திச் சோதிப்பதற்கு ஒரு பெண் இசைந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயாரின் இசைவைப் பெற்று மருத்துவர் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். அகற்றியதால் நோயாளிக்கு நன்மையே என்பது மருத்துவர் தரப்பு வாதம். அமெரிக்க நீதிமன்றங்கள் வகுத்த அளவிற்கு விரிவான விளக்கம் இந்தியச் சூழலில் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. ஆனால் சோதனைக்குத் தந்த இசைவு அறுவைக்குத் தந்த இசைவாகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாயாரும் இசைவு தர இயலாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெண் தற்காலிகமாகவே நினைவிழந்திருந்தார். அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்கலாம் என்பது நீதிமன்றத்தின் கருத்து.